புத்தி தெளிவாக இருக்கும்போதே போட வேண்டிய கையெழுத்துகள்: வயதான பெற்றோருக்கான சட்ட ஏற்பாடுகள்

தன் சார்பில் நான் செயல்பட அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அப்பா என் பெயருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பதிவும் செய்தாகிவிட்டது. இனி என்ன கவலை என்று நானும் இருந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து அவருக்கு மறதிநோய் முற்றியது. ஆள் வைத்துப் பார்க்கும் செலவுக்காக ஒரு மனையை விற்கலாம் என்று கிளம்பினேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் உயிர்வாழ் சான்று கேட்டார்கள். சான்று தர வந்த மருத்துவர் அப்பாவிடம் நான்கு கேள்வி கேட்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "உயிரோடு இருக்கிறார் என்று எழுதித் தருகிறேன். ஆனால் நல்ல சுயநினைவோடு இருக்கிறார் என்று என்னால் எழுத முடியாது" என்றார். பவர் பத்திரம் அன்றோடு செல்லாமல் போனது. அதன் பிறகு எட்டு மாதம் வக்கீல் அலுவலகமும் நீதிமன்றமும்தான்.

நான் பட்ட பாட்டில் பாதியாவது உங்களுக்குக் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் வீடோ, நிலமோ, வங்கியில் கொஞ்சம் பணமோ வைத்திருக்கும் பெற்றோரை மனதில் வைத்து எழுதியது. வரிசை முக்கியம், அதே வரிசையில் செய்யுங்கள்.

1. பேச்சை எடுப்பது

இதுதான் கஷ்டமான படி. "உயில்" என்று வாய் திறந்தாலே "என்னை அனுப்பி வைக்க அவசரமா?" என்ற பதில் வரும். எனக்குப் பலித்த வழி ஒன்று உண்டு. முதலில் என் உயிலை நான் எழுதினேன். அதை அம்மாவிடம் கொடுத்து, "எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள்" என்றேன். ஒரு வாரத்தில் "எனக்கும் ஒன்று எழுதிவிடலாமா?" என்று அவரே கேட்டார்.

உடன்பிறந்தவர்களிடமும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குத் தெரியாமல் அக்கா செய்த நல்ல காரியம்கூடப் பின்னால் சதி போலத்தான் தெரியும்.

2. பெயரையும் இனிஷியலையும் சரிசெய்வது

சிரிக்காதீர்கள், மூன்று மாதம் இதில்தான் போனது. மூலப்பத்திரத்தில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் இனிஷியலை விரித்துத் தாத்தாவின் பெயர் முழுதாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. நான்கும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலாவது பெயர் ஒன்றாக இருக்கட்டும். பத்திரத்தில் மட்டும் வேறுபட்டால், "இன்ன பெயராலும் அழைக்கப்படுகிற" என்று அடுத்து எழுதும் பத்திரத்தில் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், இயந்திரம் ஏற்காது. கண் கருவிழிப் பதிவையும் கைபேசி எண்ணையும் ஆதாரில் இப்போதே புதுப்பித்துவிடுங்கள். படுக்கையில் விழுந்த பிறகு ஆதார் மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போவது கொடுமை.

3. ஒரே கோப்பு

சொத்து ஒவ்வொன்றுக்கும் மூலப்பத்திரம், பட்டா, இன்றைய தேதி வரையான வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது. வங்கிக் கணக்கு, டெபாசிட், லாக்கர், காப்பீடு, ஓய்வூதிய ஆணை, தபால் அலுவலகச் சேமிப்பு, கடன் கொடுத்தது வாங்கியது எல்லாவற்றுக்கும் ஒரு பக்கப் பட்டியல். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றும் வேலையை முதலில் தொடங்குங்கள். மற்ற எல்லாமே அதன் மேல்தான் நிற்கும்.

4. வங்கி

நாமினி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். நாமினி என்பது கணக்குக்காரர் இறந்த பிறகுதான். அவர் உயிரோடு நினைவின்றிப் படுத்திருக்கும்போது நாமினியால் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. அந்த நேரத்துக்கு உதவுவது கூட்டுக் கணக்கு. "இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்" என்ற முறையில் இருந்தால் மற்றவர் தடையின்றி இயக்கலாம்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பிக்சட் டெபாசிட் அதே முறையில் இருந்தாலும், முதிர்வுக்கு முன்பே உடைக்க இருவர் கையெழுத்தையும் வங்கி கேட்கலாம். ஆகவே பெரிய டெபாசிட் ஒன்றாக வைக்காமல், வெவ்வேறு மாதங்களில் முதிரும்படி சிறிது சிறிதாகப் பிரித்துப் போடுங்கள். மாதச் செலவு தானாகக் கைக்கு வரும்.

2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம். ஆனால் பணத்தை வங்கியிடமிருந்து வாங்கும் உரிமைதான் நாமினிக்கு. அது யாருக்குச் சொந்தம் என்பதை உயிலும் வாரிசுரிமைச் சட்டமும் தீர்மானிக்கும். நாமினியும் உயிலும் வெவ்வேறு பெயர்களைச் சொன்னால் சண்டை நிச்சயம்.

கை நடுங்கிக் கையெழுத்து மாறிவிட்டதா? கணக்குக்காரரின் பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை, வங்கி அதிகாரி ஒருவர் உட்பட இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எடுத்துப் பணம் தர ரிசர்வ் வங்கி வழிமுறை உண்டு. 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை தரவும் சொல்லியிருக்கிறது. கிளையில் "அப்படியெல்லாம் இல்லை" என்றால் எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பதில் பெரும்பாலும் மாறிவிடும்.

5. உயில்

செலவு மிகக் குறைவு, பயன் மிக அதிகம். வெள்ளைத் தாளில் எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதுபவர் கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிவு செய்யுங்கள் என்றே சொல்வேன். கட்டணம் சிறு தொகைதான். எழுதியவரே வந்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு அது ஒரு சான்று.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள். அப்பாவின் வயதொத்த நண்பர்களைச் சாட்சியாகப் போடுவார்கள். உயிலை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தால் சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும், அதற்குள் இருவரும் போய்ச் சேர்ந்திருப்பார்கள். எழுதுபவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவராக, உள்ளூர்க்காரராக, சொத்தில் பங்கு எதுவும் பெறாதவராகப் பாருங்கள்.

எழுதும்போது கவனிக்க:

- சொத்தைச் சர்வே எண், கதவு எண், பத்திர எண்ணோடு குறிப்பிடுங்கள். "என் வீடு" என்றால் எந்த வீடு என்று கேள்வி வரும்.
- இதில் சொல்லாமல் விட்ட சொத்தும் பின்னால் வாங்கும் சொத்தும் யாருக்கு என்று ஒரு வரி.
- பெறப்போகிறவர் முன்னதாகவே இறந்துவிட்டால் யாருக்கு என்று ஒரு வரி.
- மனைவிக்கு அல்லது கணவருக்கு ஆயுள் முழுதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை. அவர் காலத்துக்குப் பிறகுதான் பிள்ளைகளுக்கு.
- அதே தேதியிட்ட மருத்துவர் சான்று: நல்ல மனநிலையில், புரிந்து எழுதுகிறார் என்று. 75 வயதைத் தாண்டியவருக்கு இதை விடவே கூடாது.

அதிகப் பங்கு உங்களுக்கு வருவதாக இருந்தால் உயில் எழுதும் வேலையிலிருந்து விலகி நில்லுங்கள். வக்கீலிடம் கூட்டிப் போவது, வாசகம் சொல்வது, பதிவு நாளில் அருகில் உட்காருவது எல்லாமே பின்னாளில் சந்தேகச் சூழ்நிலை என்று உங்களுக்கு எதிராகவே பேசப்படும்.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. எழுதியவர் இருக்கும் வரை அதன் நகலை மற்றவர்கள் வாங்கவும் முடியாது. எந்த அலுவலகம், என்ன எண், எந்த ஆண்டு என்பதை நம்பிக்கையான இருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும். கடைசியாக எழுதிய உயில்தான் செல்லும், அது பதிவாகாததாக இருந்தாலும்.

உயில் இல்லாவிட்டால் சட்டம் பிரிக்கும். இந்துக் குடும்பத்தில் கணவர் இறந்தால் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு இறந்தவருடைய அம்மாவுக்கும் சமபங்கு உண்டு. பாட்டி உயிரோடு இருப்பதையே கணக்கில் சேர்க்காமல் விட்டவர்களை எனக்குத் தெரியும். பிள்ளையில்லாத பெண்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அவர் தானே சம்பாதித்த சொத்துகூட, கணவரும் இல்லையென்றால், கணவரின் வாரிசுகளுக்குத்தான் முதலில் போகும். தன் அக்கா மகளுக்குத் தர நினைத்தால் எழுதி வைப்பது ஒன்றே வழி. இஸ்லாமியர்கள் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

6. செட்டில்மென்ட்: அவசரப்படாதீர்கள்

"உயிலெல்லாம் எதற்கு, இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிட்டால் பின்னால் பிரச்சினை இல்லை" என்று பத்திர எழுத்தர் முதல் பக்கத்து வீட்டு மாமா வரை எல்லோரும் சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைக் குடும்பத்தாருக்குப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடுவதுதான் செட்டில்மென்ட். செலவும் பெரிதல்ல. தமிழ்நாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கு எழுதினால் முத்திரைத் தீர்வை சொத்து மதிப்பில் 1 சதவீதம், உச்ச வரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்ச வரம்பு 10,000 ரூபாய். 2023 ஜூலையில் உயர்த்திய பிறகான கணக்கு இது.

ஆனால் உயிலை நாளைக்கே மாற்றலாம். செட்டில்மென்ட் பதிவான நிமிடத்திலிருந்து வீடு பிள்ளையுடையது. மகன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்குக் கடன் வந்தால் வீடு ஜப்திக்குப் போகலாம். அவன் முன்னால் இறந்தால் அவனுடைய வாரிசுகள் பங்கு கேட்கலாம். என் கருத்தைக் கேட்டால், இருக்கிற ஒரே வீட்டை யாருக்கும் செட்டில்மென்ட் எழுதாதீர்கள் என்பேன். இரண்டாவது சொத்து இருந்தால் அதை எழுதுங்கள்.

எழுதியே தீர வேண்டும் என்றால் இரண்டு வாசகம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று, எழுதிக் கொடுப்பவருக்கும் துணைவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமை. இன்னொன்று, "பெறுபவர் உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் தந்து கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு" என்ற வரி.

அந்த இரண்டாவது வரிதான் கவசம். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கோர இடம் தருகிறது. நிபந்தனை இருந்ததை நிரூபிக்க வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில், இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக விரிவாகவே பார்க்க வேண்டும் என்றது. தீர்ப்பு எப்பக்கம் சாயும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்திலேயே வரி இருப்பது மேல். வழக்கமாகப் போடும் "அன்பினாலும் பாசத்தினாலும்" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்து ஏமாந்திருந்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்துக்குப் போங்கள், இந்தச் சட்டத்துக்கான தீர்ப்பாயம் அதுதான். 60 வயது நிறைந்தவர், வக்கீல் இல்லாமலே, சாதாரண மனுவாகக் கொடுக்கலாம். முடியாதவர் சார்பில் அவர் அனுமதித்த வேறொருவர் கொடுக்கலாம். வயதுச் சான்று, பத்திர நகல், மருத்துவச் செலவு ரசீதுகள், பிள்ளைகளின் முகவரி இணையுங்கள். பராமரிப்புத் தொகையாக மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட முடியும். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும், ஒருமுறை 30 நாள் நீட்டிக்கலாம் என்பது சட்டக் கணக்கு. மேல்முறையீடு ஆட்சியரிடம், 60 நாளுக்குள். பிள்ளையில்லாதவர்கள், தம் சொத்தை அனுபவிக்கிற அல்லது வாரிசாக அடையப்போகிற உறவினரிடம் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழையுங்கள்.

7. பவர் பத்திரம்: எதுவரை உதவும்

கால் நடக்கவில்லை, அலைய முடியவில்லை, மகள் வாடகை வசூலிக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். இதற்கெல்லாம் பவர் நல்ல கருவி. ஆனால் எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ மனநிலை பிறழ்ந்தாலோ பவர் முடிந்துவிடும், ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவு அப்படி. நினைவு போன பிறகும் தொடரும் பவர் சில வெளிநாடுகளில் உண்டு. அங்கே இருக்கும் உறவினர் "நாங்கள் அப்படித்தான் செய்தோம்" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள், இங்கே கிடையாது.

ஆகவே பவரை வைத்துச் செய்ய வேண்டிய விற்பனையை, ஆள் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். பவர் எழுதி 30 நாள் தாண்டினால், அதை வைத்து விற்கும்போது உயிர்வாழ் சான்று கேட்பார்கள். வெளிநாட்டிலிருந்து எழுதி அனுப்பும் பவர் இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். தம்பி அனுப்பியது என் மேசை இழுப்பறையிலேயே நான்கு மாதம் கிடந்தது, மறுபடி எழுத வேண்டி வந்தது.

பதிவு அலுவலகத்துக்கு வரவே முடியாதவர் என்றால், மருத்துவர் சான்றோடு விண்ணப்பித்தால் சார்பதிவாளரே வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ வந்து பதிவு செய்வார். கூடுதல் கட்டணம் உண்டு. மாடிப்படியில் நாற்காலியோடு தூக்கி ஏற்றும் காட்சியை இனியாவது தவிருங்கள்.

8. மருத்துவ முடிவுகள்

குணமாகும் வாய்ப்பே இல்லாத நிலையில் செயற்கைச் சுவாசம் போன்றவை வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட் அதிகாரி சான்றளித்தால் போதும். தன் சார்பில் முடிவு சொல்ல ஒருவருக்கு மேற்பட்ட நெருங்கியவர்களைக் குறிப்பிடலாம். ஒரு நகல் குடும்ப மருத்துவரிடம், ஒன்று குறிப்பிடப்பட்டவர்களிடம், ஒன்று உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அதிகாரியிடம். இதை எழுதியதால் யாரும் உடனே குழாயைப் பிடுங்கிவிட மாட்டார்கள். மருத்துவமனை அமைக்கும் இரண்டு மருத்துவர் குழுக்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அம்மா இதை எழுதியபோது, "வீட்டிலேயே இருக்கணும், கையைப் பிடிச்சுக்கிட்டு யாராவது உட்காரணும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சட்டப்படி அதற்கு என்ன பலம் என்று நான் கேட்கவில்லை, சேர்த்துவிட்டோம்.

9. ஓய்வூதியமும் காப்பீடும்

மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபர் 1 முதலே தரலாம். முகத்தைக் காட்டிக் கைபேசியிலேயே முடிக்கலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பின்றி, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆயுஷ்மான் திட்டத்தில் சிகிச்சைக் காப்பீடு உண்டு. ஆதாரை வைத்தே பதிவு. இதைச் செய்யாமல் இருக்கக் காரணமே இல்லை.

10. ஆள் வைப்பதும் இல்லத்தில் சேர்ப்பதும்

ஏஜென்சி மூலம் ஆள் வைத்தால் எழுத்தில் ஒப்பந்தம் வாங்குங்கள். லீவு போட்டால் மாற்று ஆள் யார், திருட்டுக்கு யார் பொறுப்பு, எத்தனை மணி நேர வேலை என்று இருக்க வேண்டும். ஆளின் அடையாள அட்டை நகலை வாங்கி வையுங்கள். இல்லத்தில் சேர்ப்பதாக இருந்தால் முதலில் டெபாசிட் பக்கத்தைப் படியுங்கள். எத்தனை சதவீதம் திரும்பும், எத்தனை நாளில், படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, மாதக் கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும்? எங்களுக்கு வாய்த்த இடம், அப்பா நடக்க முடியாமல் போனதும் "எங்களால் முடியாது" என்றது. ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. நான்தான் படிக்கவில்லை.

11. காலம் கடந்துவிட்டால்

நினைவு போய்விட்டது, ஒன்றும் எழுதவில்லை. இனி உயிலும் முடியாது, பவரும் முடியாது. கைரேகை வைத்துக் குறுக்குவழியில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அது குற்றம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சொத்துக்குப் பாதுகாவலர் நியமிக்க வழி இல்லை. அதனால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு, பாதுகாவலராக நியமிக்கக் கோர வேண்டும். கோமாவில் இருந்த கணவரின் சொத்தைக் கையாள மனைவிக்கு 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படித்தான் அனுமதி தந்தது. விற்கும் பணத்தில் ஒரு பகுதியை டெபாசிட்டில் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

தயார் செய்ய வேண்டியவை: நரம்பியல் அல்லது மனநல மருத்துவரின் அறிக்கையும் ஸ்கேன்களும், இதுவரையான மருத்துவச் செலவுக் கணக்கு, சொத்துப் பட்டியல், வாரிசுகள் ஒவ்வொருவரின் சம்மதப் பிரமாணப் பத்திரம். வெளிநாட்டில் இருப்பவர் தூதரகத்தில் சான்றளித்து அனுப்ப வேண்டும், அதற்கே ஒன்றரை மாதம் பிடித்தது. ஒரு வாரிசு மறுத்தாலும் வழக்கு நீளும். சம்மதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு மனுப் போடுங்கள்.

உத்தரவு கிடைத்த அன்றே தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்கி, மருந்துச் சீட்டு முதல் டயபர் ரசீது வரை தேதி வாரியாக ஒட்டி வையுங்கள். நீதிமன்றம் கணக்குக் கேட்கும். நீதிமன்றம் கேட்கும் முன்னால் தம்பி கேட்பான்.